நாட்காட்டித் தாள் கிழியும் நேரத்துக்கு ஒரு கேமரா: ரிக்கோ ஜி.ஆர்.3

என் அப்பா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழிப்பது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டு, தாளின் கீழ் மூலையைப் பிரித்து, மேலே இருக்கும் தகரப் பட்டையோடு ஒட்டி ஒரே இழுப்பில் கிழிப்பார். பிறகு அதை நான்காக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகும்போது அதன் பின்பக்கத்தில் காய்கறிக் கணக்கு எழுதுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கும் இந்தக் காரியத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கைப்பேசியில் எடுக்க முயன்றபோதெல்லாம், அதைத் தூக்கிய கணமே அவர் கையை இறக்கி, தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, என்னை நோக்கி நிமிர்ந்து நின்றுவிடுவார். அப்பாவின் படம் கிடைத்தது. நான் எடுக்க நினைத்தது கிடைக்கவில்லை.

அதற்காகவே ரிக்கோ ஜி.ஆர்.3 கேமராவை வாங்கினேன். ஏறத்தாழ ஓராண்டாக அதை வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்தி வருகிறேன் என்பதால், இந்த மதிப்புரையும் அந்த ஒரு பயனைப் பற்றியது. 1996இல் ஜி.ஆர்.1 என்ற பிலிம் கேமராவோடு தொடங்கி, 2005இல் டிஜிட்டலுக்கு மாறிய வரிசையில், 2019இல் விற்பனைக்கு வந்தது இது. பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம் எடை, சட்டைப்பையில் அடங்கிவிடும். அந்தச் சிறிய உடலுக்குள், பெரிய கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), 24 மெகாபிக்சலில் இருக்கிறது. லென்ஸ் ஒன்றுதான், ஜூம் கிடையாது. பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில் 28 மி.மீ. பார்வைக்கோணம், ஒளி நுழையும் திறப்பு எஃப் 2.8 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும், தெளிவாக விழும் தூரம் கூடும்).

இந்தக் கேமராவை நான் விரும்புவதற்கு முதற்காரணம் ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதி. ஒரு தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால், ஷட்டர் பொத்தானை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தும்போது, கேமரா எதையும் தேடிக்கொண்டிருக்காமல் அந்தத் தூரத்திலேயே படத்தை எடுத்துவிடும். நாட்காட்டிக்கும் நான் உட்காரும் நாற்காலிக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும். 1.5 மீட்டரைக் குறித்து, திறப்பை எஃப் 2.8இல் வைத்தால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை இருப்பவை தெளிவாக விழுகின்றன. அப்பாவின் கையும் தாளும் அந்த எல்லைக்குள்தான் அசைகின்றன. பகல் வெளிச்சத்தில் 2.5 மீட்டரும் எஃப் 8உம் வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கி முற்றம் முழுவதும் தெளிவாகவே இருக்கும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. மடியில் வைத்தபடியே எடுக்கலாம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே அமைந்த வகை என்பதால், மெல்லிய ஒரு 'க்ளிக்' தவிர வேறு ஓசை எழுவதில்லை. ஃபோகஸுக்கு உதவும் சிறுவிளக்கையும் பீப் ஒலியையும் அமைப்பில் அணைத்துவிடுங்கள். இருட்டில் அந்த விளக்கு ஒன்றே போதும், அப்பாவை நிமிர்ந்து நிற்கவைக்க. (இப்படி எடுக்கப்போகிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தேன், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் காட்டியும் விடுகிறேன்.)

இரண்டாவது காரணம் வெளிச்சம். ஐந்தரை மணிக்கு எங்கள் கூடத்தில் இருப்பது அடுக்களையிலிருந்து கதவு வழியாகச் சாய்ந்து விழும் ஒற்றை விளக்கின் ஒளி மட்டுமே. கைப்பேசி அந்த இருட்டைக் குறையாக எண்ணி, நிழல்களைத் தூக்கி, விடியற்காலையை நண்பகலாக்கித் தந்துவிடுகிறது. ஜி.ஆர்.3இல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, சற்றே கீழே இறக்கி, மைனஸ் 0.7இல் வைத்தால், சுவர் இருட்டாகவே இருக்க, தாளின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் நிற்கிறது. பிற்காலத்தில் பார்க்கும்போது எந்த வேளை என்று தெரியாத படத்தால் எனக்கென்ன பயன்? சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200 வரை வைத்து எடுத்தவற்றில் மணல் தூவியதுபோன்ற துகள்கள் தெரிகின்றன. அவை எனக்கு உறுத்தவில்லை.

சென்சாரோடு இணைந்த மூன்று அச்சு நடுக்கத் தடுப்பும் உண்டு. அது என் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும், அப்பாவின் கை அசைவை அல்ல. 1/15 நொடியில் எடுத்த ஒரு படத்தில் நாட்காட்டியின் தேதி, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் துல்லியமாக இருக்க, அவர் கை மட்டும் கலங்கிய நீர்போலக் கரைந்திருக்கிறது. ஓராண்டில் எடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

மேக்ரோ முறையில் 6 சென்டிமீட்டர் நெருக்கம் வரை போகலாம். கிழித்த தாளின் பின்பக்கத்தை அப்படி எடுத்தேன்: 'கத்தரி அரை, மல்லி, தேங்காய் 1, அவளுக்கு மாத்திரை'. பேனா மை தாளில் ஊறிப் பரவியதும், முன்பக்கத்துப் பெரிய சிவப்பு எண் மறுபுறமாக ஊடுருவித் தெரிவதும்கூட அந்தப் படத்தில் பதிவாகியிருக்கின்றன.

குறைகளும் கணிசமானவை. பேட்டரி முழு மின்னேற்றத்தில் சுமார் 200 படங்களுக்குத்தான் என்று தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார். இரண்டாவது பேட்டரி கட்டாயம் வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, திரையைச் சாய்க்கவும் முடியாது என்பதால், மொட்டைமாடியில் வெயிலில் எடுக்கும்போது திரையில் எதுவும் சரியாகத் தெரிவதில்லை. முந்தைய மாடலில் இருந்த பிளாஷை இதில் எடுத்துவிட்டார்கள். இந்தப் பயனுக்கு அது தேவையும் இல்லை. 28 மி.மீ. அகலக் கோணம் என்பதால், படத்தின் ஓரத்தில் வரும் முகங்கள் இழுபட்டுத் தெரியும். அருகில் போகத் தயங்குபவர்கள் 2021இல் வந்த ஜி.ஆர்.3 எக்ஸ் மாடலை, அதாவது 40 மி.மீ. லென்ஸ் உள்ளதைப் பார்ப்பது நல்லது. பத்தடி அகலக் கூடத்துக்கு 28தான் சரி என்பது என் தீர்மானம். 2025இல் ஜி.ஆர்.4உம் வந்துவிட்டது; அதை நான் பயன்படுத்தியதில்லை.

எடுத்த படங்களை அச்சிட்டு ஆல்பத்தில் வைக்கவே விரும்புகிறேன். படத்தின் நீள அகல விகிதம் 3:2 என்பதால் 4க்கு 6 அங்குலத் தாளில் எதுவும் வெட்டுப்படாமல் பொருந்துகிறது. ஆனால் முதல் தடவை கொடுத்த ஸ்டுடியோவில் இயந்திரம் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, கைப்பேசி செய்ததையே திரும்பவும் செய்துவிட்டது. கொடுக்கும்போதே 'கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

பழைய கேமராவாக வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இதற்குத் தூசுத் தடுப்பு உறை இல்லை. லென்ஸ் நீண்டு மடங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தூசு போக வழி இருக்கிறது. திறப்பை எஃப் 16இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேமராவை வாங்க வேண்டாம்.