மழை நாளில் காஞ்சியா, மல்லையா?

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் பழைய இடங்களைப் பார்த்துத் திரும்ப நினைத்தால், போட்டி பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களுக்கும்தான். இரண்டும் பல்லவர் ஊர். மாமல்லபுரம் சுமார் 60 கிலோமீட்டர், காஞ்சிபுரம் சுமார் 75. தூரத்தை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

"மழையா? காஞ்சிக்குப் போங்க, மண்டபம் இருக்கு. மல்லை வெட்டவெளி" என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் போனது மல்லைக்கு. அடுத்த மழை நாளுக்கும் என் ஓட்டு அதற்கே.

காஞ்சிக்கு உரிய மரியாதையை முதலில் செய்துவிடலாம். கூரை என்று பார்த்தால் மல்லை அதன் பக்கத்திலேயே வர முடியாது. ஏகாம்பரநாதர் கோயிலின் நீண்ட பிராகாரங்களில் எவ்வளவு மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று முழுக்கப் பல்லவ வரலாறு கல்லில் ஓடுகிறது. சிறுவனாக அரியணை ஏறிய இரண்டாம் நந்திவர்மனின் கதையும் அதில் உண்டு. கூரைக்கடியில் நின்று நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல சுவர் அந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. கைலாசநாதர் கதை வேறு. ராஜசிம்மன் கட்டிய மணற்கல் கோயில், சுற்றிலும் 58 சிறு சன்னதிகள், அவற்றில் சிலவற்றில் பல்லவர் கால ஓவிய மிச்சம். ஆனால் நாம் நடக்கிற இடம் பெரும்பாலும் திறந்தவெளி. குடையோடுதான் சுற்ற வேண்டும்.

இவ்வளவு இருந்தும் காஞ்சி தோற்பது ஒரே விஷயத்தில். நடை சாத்தும் நேரம்.

காஞ்சியில் பார்க்க வேண்டியவை எல்லாம் வழிபாட்டில் உள்ள கோயில்கள். பகல் 12 மணியை ஒட்டிச் சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகும். வெயில் நாளில் இது பெரிய சிக்கலில்லை, விடியலில் கிளம்பினால் போதும். மழை நாளில் கணக்கு அப்படியே மாறுகிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் வாரி அடிக்கும் தண்ணீரில் வேகம் பாதியாகிவிடும். ஊருக்குள் நுழைந்தால் நெரிசல், தேங்கிய நீர், வண்டி நிறுத்த இடம் தேடும் அலைச்சல். பத்து மணிக்குச் சேர வேண்டியவர் பதினொன்றரைக்குச் சேர்ந்தால் ஒரு கோயிலை ஓட்டமாகப் பார்க்கலாம். பிறகு நான்கு மணி நேரம் ஈரத் துணியோடு எங்கே உட்கார்வது? பட்டுக் கடையில்தான். வீட்டுக்காரரின் பர்ஸுக்கு அது மழையைவிட ஆபத்து. நான்கு மணிக்குத் திறந்தாலும், நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மேகம் இருந்தால் ஐந்து மணிக்கே சிற்பத்தில் முகம் தெரியாது. ஆக, மிச்சம் ஒரு மணி நேரம். இது போக, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஈரக் கருங்கல்லில் நடக்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் கையை விடவே முடியாது.

மல்லையில் இந்த இடைவெளி கிடையாது. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், பகல் முழுக்கத் திறந்திருக்கும். மழை வலுத்தால் காருக்குள் இருக்கலாம், விட்டால் இறங்கலாம். வழியில் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த ஒரு மணி நேரம்தான் நஷ்டம், மதியம் முழுக்கப் போகாது.

கூரையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். வராக மண்டபமும் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் பாறையைக் குடைந்தவை. இரண்டாவதில் ஒரு பக்கம் சிங்கத்தின் மேல் துர்க்கை போரிட, எதிர்ச் சுவரில் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். மழை விடும்வரை இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிருஷ்ண மண்டபத்தைச் சொல்லவே வேண்டாம். இந்திரன் கொட்டிய மழையிலிருந்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காக்கக் கண்ணன் கோவர்த்தனத்தைத் தூக்கி நிற்கும் பல்லவச் சிற்பம் அது. முன்னால் உள்ள தூண் மண்டபம் பிற்காலத்தில் சேர்த்தது. வெளியே மழை பெய்யும்போது அதற்குள் ஒதுங்கி நிற்பது தனி அனுபவம்.

அதற்கு அருகிலேயே அர்ச்சுனன் தபசு. சுமார் 30 மீட்டர் அகலப் பாறை, நடுவே ஒரு பிளவு, அதில் நாகர்கள். மேலே தொட்டி அமைத்து அந்தப் பிளவில் நீர் இறங்கும்படி செய்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. இது அர்ச்சுனன் தவமல்ல, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று சொல்பவர்களுக்கும் அந்தப் பிளவுதான் பெரிய சான்று. வெயிலில் வந்து இதை வெறும் வெடிப்பாகப் பார்த்துவிட்டுப் போகிறோம். நல்ல மழையில் பிளவு வழியே நீர் வழிந்து நாகர்களை நனைக்கும்போது பகீரதன் கட்சிக்கே மனம் சாய்கிறது. தூறல் மட்டும் என்றால் கசிவுதான் தெரியும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மல்லையின் குறைகளும் உண்டு. கடற்கரைக் கோயிலில் காற்று குடையைத் திருப்பிவிடும், ரெயின்கோட் இல்லாமல் போகாதீர்கள். ஐந்து ரதங்களில் ஒதுங்க இடமில்லை, ஆனால் மணல் தரை என்பதால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான், மழை விட்ட நேரம் பார்த்து இரண்டையும் சேர்த்து முடித்துவிடுங்கள். வெண்ணெய் உருண்டை நிற்கும் சரிவில் ஈரத்தில் ஏறவே கூடாது. சாளுவன்குப்பம் புலிக்குகையை நாங்கள் பார்த்தது மழை விட்ட பிறகு. கொட்டும்போது அங்கே எப்படியிருக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை. காஞ்சியிலும் நான் நனைந்தது மிதமான மழையில்தான், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே போக வேண்டாம்.

முந்தின நாளே போய்க் காஞ்சியில் தங்க முடிந்தால் என் வாதம் பெருமளவு அடிபட்டுப்போகும். காலையில் நடை திறந்ததும் வைகுண்டப் பெருமாள், அது முடிந்து ஏகாம்பரநாதர் என்று போனால், 12 மணிக்குள் இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.