தமிழ்க் கோப்பும் லினக்ஸும்: பிடிஎஃப் மென்பொருள் தேர்வில் ஒரு கடைக்காரரின் அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், தட்டச்சு, இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்துதரும் சிறு கடை நடத்துகிறேன். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றபோது, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியைக் கழித்துப்போட மனம் வராமல் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். அன்றிலிருந்து கடையின் பிடிஎஃப் வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற விரும்பும் பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் கேட்பது, "பிடிஎஃப் எடிட் பண்ண என்ன சாஃப்ட்வேர் இருக்கு?" என்பதைத்தான். கோப்பு ஆங்கிலத்திலா தமிழிலா என்று தெரியாமல் நான் அதற்குப் பதில் சொல்வதில்லை.

படிப்பதற்கும், படிவம் நிரப்புவதற்கும், அச்சிடுவதற்கும் ஒகுலர் என்ற பிடிஎஃப் படிப்பான் போதும். அடோபி ரீடரைத் தேடி அலைய வேண்டியதில்லை. லினக்ஸுக்கான அதன் வெளியீடு 2013-இல் வந்த 9.5.5 பதிப்போடு முடிந்துவிட்டது. சில படிவங்களைத் திறந்தால் காத்திருக்கச் சொல்லும் வரி மட்டும் தெரிந்து வேறெதுவும் வராமல் நிற்கும். அவை எக்ஸ்எஃப்ஏ என்ற தனி முறையில் அமைந்த படிவங்கள்; சாதாரணப் படிப்பான்கள் பலவற்றில் திறக்காது. 2021 முதல் ஃபயர்பாக்ஸ் உலாவி அவற்றைத் திறக்கிறது.

சிக்கல் தொடங்குவது, ஏற்கெனவே இருக்கும் எழுத்தை மாற்றச் சொல்லும்போதுதான். காசிமேட்டிலிருந்து ஒரு சங்கத்துப் பொறுப்பாளர், தங்கள் கூட்ட அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றித் தரும்படி ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்பினார். லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் வரைகலை மென்பொருளான டிராவில் திறந்தேன். ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாகப் பிரிந்திருந்தது. "கொண்டுவரவும்" என்ற சொல்லில் கொம்பு தனியாகவும், அதன்பின் ககரமும், காலும் தள்ளித் தள்ளியும் நின்றன. திரையை எட்டிப் பார்த்தவர், "இன்னா தம்பி, எழுத்தெல்லாம் ஒடஞ்சு கெடக்கு?" என்றார்.

இதற்கு மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிடிஎஃப் கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் எழுத்து வடிவங்களும் அவை நிற்க வேண்டிய இடங்களும்தான். யுனிகோடில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கப்படும் "கொ", பக்கத்தில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்களாக வரையப்படுகிறது. திருத்தும் மென்பொருள் அந்த வடிவங்களைக் கண்ட வரிசையில் மீண்டும் எழுத்தாக்க முயலும்போது கொம்பு முன்னால் வந்து சொல் குலைகிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருப்பதால், நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல்தான் கிடைக்கும்.

ஆகவே, தமிழ்ப் பிடிஎஃப் கோப்பில் உள்ள எழுத்தைத் திருத்துவதை நான் விட்டுவிட்டேன், அதன்மேல் எழுதுகிறேன். இதற்கு எனக்கு அமைந்த மென்பொருள், ஆங்கில எக்ஸ் எழுத்தில் பெயர் தொடங்கும் எக்ஸ்-ஜர்னல் பிளஸ் பிளஸ். கையெழுத்துக் குறிப்பெடுக்கவே உருவான மென்பொருள் இது. ஆனால், எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் பாங்கோ என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுத்தை அமைப்பதால், தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கும் தமிழ் உயிர்மெய் குலையாமல் விழுகிறது. பழைய தேதியின்மேல் வெள்ளை நிரப்பிய செவ்வகம் வைத்து, அதே அளவில் புதிய தேதியை அடித்து, பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்தால் அறிவிப்பு அச்சுக்குத் தயார். அறிவிப்பை முதலில் தட்டச்சு செய்த மூலக் கோப்பு கிடைக்குமானால் அதைக் கேட்டு வாங்கித் திருத்துவதுதான் முறை என்பதை வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஆங்கிலக் கோப்பில் எழுத்தையே மாற்ற வேண்டுமென்றால் மாஸ்டர் பிடிஎஃப் எடிட்டர் நன்றாகச் செய்கிறது. அதன் ஐந்தாம் பதிப்பை உரிமம் இல்லாமல் பயன்படுத்திச் சேமித்தால் பக்கத்தில் வாட்டர்மார்க் விழும். அடிக்கடி தேவைப்படுவோர் உரிமம் வாங்கிக்கொள்ளலாம்.

பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர் மிக எளிது. கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்த கோப்பு, பதிவேற்ற வரம்பைத் தாண்டும்போது அதன் அளவைக் குறைக்க, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டளைவரி மென்பொருளில் ஈபுக் அமைப்பைக் கொடுக்கிறேன். அது படங்களை 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, என்ற அளவுக்குக் குறைக்கும். ஸ்கிரீன் அமைப்பு 72-க்கு இறக்கிவிடுவதால் சான்றிதழின் சிறிய எழுத்துகள் படிக்க முடியாமல் போகின்றன. மின்-ஆதார் கோப்பின் கடவுச்சொல்லை, அதாவது பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும், உரியவரே சொன்ன பின் கியூபிடிஎஃப் என்ற கருவியைக் கொண்டு பூட்டை நீக்கிய நகல் எடுக்கலாம். ஆனால், மின் கையொப்பம் உள்ள எந்தக் கோப்பையும் இப்படி மாற்றிச் சேமித்தால் அந்தக் கையொப்பம் செல்லாமல் போகும். அச்சுக்கு அந்த நகலைப் பயன்படுத்துகிறேன், மூலத்தைத் தொடுவதில்லை.

ஸ்கேன் செய்த பழைய பத்திரங்களைத் தேடக்கூடிய கோப்பாக்க, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்டைப் பயன்படுத்தும் ஓசிஆர்மைபிடிஎஃப் இருக்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்து ஓட்டுகிறேன். தெளிவான அச்சுக்குப் பயன் தருகிறது. மங்கிய முத்திரைத்தாளில் ரகரமும் துணைக்காலும் மாறிவிடுவதால் கண்ணால் சரிபார்க்காமல் கொடுப்பதில்லை.

கடைசியாக, எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வாடகை ஒப்பந்தத்துக்காக ஆதார் எண்ணை மறைத்துத் தரும்படி ஓர் அக்கா கேட்டார். எண்ணின்மேல் கறுப்புச் செவ்வகம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "அந்தக் கறுப்பு மேல இழுத்து காப்பி பண்ணா நம்பர் வருதுப்பா, என் பையன் காட்டினான்" என்றார். செவ்வகம் எண்ணை மூடியிருந்ததே தவிர அழிக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது; அவர் நம்பிக் கொடுத்த கோப்பு அது. லிப்ரே ஆபிஸில் 2019-இல் வந்த 6.3 பதிப்பு முதல் மறைப்புக்கென்றே தனி வசதி உண்டு. ஆனால், அது டிராவில் திறந்து செய்யும் வேலை என்பதால் ஆதாரில் உள்ள தமிழ் குலையும் அபாயம் இருக்கிறது. எனவே இப்போது, செவ்வகம் வைத்த கோப்பைப் பாப்லர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்டுபிபிஎம் கொண்டு 300 டிபிஐ படமாக்கி, அந்தப் படத்தை ஐஎம்ஜிடுபிடிஎஃப் என்ற கருவி வழியே மீண்டும் பிடிஎஃப் ஆக்குகிறேன். ஒப்படைக்கும் முன் ஒகுலரில் திறந்து, கறுப்புப் பகுதியின்மேல் இழுத்துப் பார்த்து, எந்த எழுத்தும் தேர்வாகவில்லை என்று வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே காட்டுகிறேன். முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே தரவிறக்கலாம் என்பதால், இப்போது முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.