சோமாசு கரண்டியின் தங்கை: ஒட்டுத்துணிப் போர்வைக்காக வாங்கிய ரோட்டரி கட்டர் பற்றி

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைமீது அந்தக் கருவியைப் பிரித்து வைத்தபோது, அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தீபாவளிக்குச் சோமாசு வெட்டுற கரண்டியைப் போயா இவ்வளவு காசு கொடுத்து வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார். ஒப்பீட்டில் தவறில்லை. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் உருளும் ஒரு வட்டத் தகடு. சோமாசு கரண்டியின் சக்கரம் மாவின் ஓரத்தை நெளிநெளியாக நறுக்குவதுபோல், இது துணியை நேர்க்கோட்டில் நறுக்குகிறது. கரண்டி விரலை ஒன்றும் செய்யாது, இது செய்யும் என்பதுதான் பெரிய வேறுபாடு.

ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979-இல் இவ்வகைக் கட்டரை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முனை மழுங்கினால் ஒடித்து எறிந்துவிட்டுப் புது முனையோடு வேலையைத் தொடரும் கத்தி இன்று எல்லா அலுவலகத்திலும் கிடக்கிறதே, அதையும் உலகுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். அந்நிறுவனத்தின் பெயரே, தகட்டை ஒடிப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்ததாகும். இப்போது பல நிறுவனங்கள் ரோட்டரி கட்டர் தயாரிக்கின்றன. தகட்டின் விட்டத்தைக் கொண்டு 18, 28, 45, 60 மில்லிமீட்டர் என அளவு சொல்வார்கள். நான் வாங்கியது 45. அதனோடு, வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் 45 செ.மீ.க்கு 60 செ.மீ. கட்டிங் மேட் ஒன்றும், 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட அக்ரிலிக் அளவுகோல் ஒன்றும் தேவைப்பட்டன. மூன்றும் சேர்ந்து இருநூறு ரிங்கிட்டைத் தாண்டிவிட்டன. கட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர் சாப்பாட்டு மேசையைத்தான் வெட்டுவார் என்பதால், இதை ஒரு பொருளாக எண்ணாமல் மூன்று பொருள்கள் சேர்ந்த ஒரு தொகுதியாகவே மதிப்பிடுகிறேன். எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் தேடும் எண்ணம் எனக்கில்லை. கீழே சொல்லும் குறைநிறைகள் இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்துபவை.

எங்கள் வீட்டில் போர்வை தைப்பது புதிதன்று. நைந்துபோன வாயில் சேலைகளை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கி, ஓரம் மடித்து, ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகவும் ஏணைக்குள் போடும் மெத்தையாகவும் பயன்படுத்துவது அப்பத்தா காலத்து வழக்கம். அதற்கு அளவுகோல் வேண்டியதில்லை. கண்ணளவு போதும், ஏனெனில் அங்கே முழுச் சேலை முழுச் சேலையோடு சேர்கிறது. வேறு வேறு துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டும் வேலையில் இறங்கியபோதுதான் கண்ணளவு காலை வாரியது. தங்கையின் குழந்தைக்காக நான் திட்டமிட்ட போர்வை நாற்பது அங்குலச் சதுரம். இரண்டரை அங்குலமாக வெட்டி, நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போனபின் இரண்டு அங்குலமாக நிற்கும் துண்டுகள் வரிசைக்கு இருபது, மொத்தம் நானூறு. ஒவ்வொரு துண்டும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால், வரிசையின் முடிவில் ஒன்றேகால் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிய முதல் முயற்சியில் எனக்கு நேர்ந்தது அதுதான். எந்த மூலையும் அடுத்த மூலையோடு சேரவில்லை. பிரித்துத் தைத்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் அதைக் கால்மிதியாக்கினேன்.

கட்டரால் வெட்டும் முறை வேறு. துணியை அதன் நூலோட்டம் நேராக இருக்கும்படி பார்த்து இஸ்திரி போட்டு, இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்தால் நான்கு அடுக்கு கிடைக்கிறது. மடிப்புக்குச் செங்குத்தாக அளவுகோலை வைத்து, இடது கை விரல்களைக் கூடாரம்போல் அதன்மேல் ஊன்றி, கட்டரை உடம்புக்கு எதிர்த்திசையில் ஒரே அழுத்தமாக உருட்ட வேண்டும். 44 அங்குல அகலமுள்ள துணியில் இரண்டரை அங்குலப் பட்டை ஒன்றை வெட்டினால், அதிலிருந்து 17 சதுரங்கள் வருகின்றன. 24 பட்டைகளில் 408. முன்பு மூன்று மாலைப்பொழுதுகளைத் தின்ற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், சோறு வடிக்கும் இடைவெளியையும் சேர்த்து முடிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. அளவுகோல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் இம்மியளவு சாய்ந்திருந்தாலும், பட்டையை விரித்துப் பார்க்கும்போது மடிப்பு இருந்த இடத்தில் முழங்கை மடங்கியதுபோல் ஒரு வளைவு தெரியும். முதல் பட்டையை வெட்டியவுடன் விரித்துப் பார்ப்பவர் ஒரு பட்டையை இழப்பார். பார்க்காதவர் சேலையையே இழப்பார்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்லாத ஒரு சிக்கலும் உண்டு. அவை பெரும்பாலும் புத்தம்புதிய, கெட்டியான பருத்தித் துணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீட்டு அலமாரியில் இருப்பவையோ பலமுறை துவைத்து மெலிந்த வாயில், அப்பத்தாவின் சுங்குடி, அப்பாவின் கட்டம் போட்ட கைலி, இடுப்பில் கட்டிக் கட்டித் தளர்ந்த பாத்திக் துணி. தகடு உருளும்போது மெல்லிய வாயில் அதற்கு முன்னால் அலைபோல் எழும்பி நகர்ந்துவிடுகிறது. நான்கு அடுக்கு வைத்தால் மேலடுக்கு ஓரளவு, கீழடுக்கு வேறோரளவு. இரண்டு சேலைகளைப் பாழாக்கியபின் அம்மாதான் வழி சொன்னார்: வடித்த கஞ்சியை நீர்விட்டு மெல்லியதாக்கி வடிகட்டி, துணியை அதில் முக்கி, நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். கஞ்சி போட்ட வாயில் காகிதம்போல் விறைத்து நின்று, தகட்டின்கீழ் அசையாமல் படுத்துக்கொள்கிறது. தைத்து முடித்தபின் ஒரு துவையலில் கஞ்சி போய்விடும். பழைய மென்மை திரும்பிவிடும். இருநூறு ரிங்கிட் கருவியை எங்கள் வீட்டில் பயன்படத்தக்கதாக ஆக்கியது இந்தக் காசில்லாக் கஞ்சிதான். பாத்திக்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதன் நெசவு நெருக்கமானது, இரண்டு அடுக்காக நன்றாகவே வெட்டுப்படுகிறது.

கட்டிங் மேட்டைப் பொறுத்தவரை குற்றம் என்னுடையது. தகடு கீறிய கோடு தானாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த அந்த மேட்டுக்கு வெயிலும் சூடும் ஆகாது. தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அதைக் காரின் பின்னிருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, கோலாலம்பூர் வெயிலில் இரண்டு மணி நேரம் காரை நிறுத்திவைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அது கூரை ஓடுபோல் வளைந்திருந்தது. தட்டையான பலகையின் அடியில் பல நாள் பாரம் ஏற்றி வைத்தும் முழுமையாக நிமிரவில்லை. அதன்மேல் இஸ்திரி போடுவதும், சூடான பாத்திரத்தை வைப்பதும் இதே விளைவைத் தரும். சாப்பாட்டு மேசையே தையல் மேசையாகவும் இருக்கும் வீடுகளில், ரசச் சட்டி இறக்கும் நேரத்துக்கு முன் மேட்டை எடுத்துக் கட்டிலுக்கடியில் தட்டையாகத் தள்ளிவிடுவது நல்லது.

அளவுகோலில் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளில் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது (அப்பா தலைமுறையினர் அதை இன்னும் பத்து ரோடு என்றே சொல்வார்கள்). வீட்டில் அம்மாவின் அளவு நாடா அங்குலத்தில் பேசுகிறது. ஒட்டுத்துணி வேலையின் கணக்கோ கால் அங்குலத்தை அடிப்படையாகக் கொண்டது. எனவே அங்குல அளவுகோலையே வாங்குங்கள். இரண்டையும் கலந்து வெட்டிய துண்டுகள் ஒருபோதும் சேரா.

தகடு விரைவில் தீரும் பொருள். குண்டூசியின் மேல் ஒரு முறை ஏறினால் போதும், அந்த இடத்தில் பல் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு நூல்களை வெட்டாமல் விட்டுச்செல்லும். மலிவாகக் கிடைத்ததென்று இணையச் சந்தையில் பெயரறியாத பத்துத் தகடுகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முதல் நாளிலேயே நூல் விட்டன. நல்ல தகடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பஞ்சுத் தூசியைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைப்பதே மலிவு. இந்த ஊரின் ஈரக்காற்றில், துடைக்காத தகடு துருப்பிடிக்க அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை. தீர்ந்த தகடுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடுவது துப்புரவுப் பணியாளருக்குச் செய்யும் துரோகம். மூடியில் கீறல் போட்ட பழைய மைலோ டப்பா ஒன்றை அதற்கென வைத்திருக்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் தகட்டு மூடியைத் தள்ளி மூட வேண்டும், அடுத்த வெட்டு ஐந்து நொடியில் வரப்போகிறது என்றாலும் கூட. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கட்டர் கையை விட்டு இறங்கினால் அது பூட்டுள்ள இழுப்பறைக்குள்தான் போக வேண்டும். என் தங்கை இடது கைக்காரி. நேரான கைப்பிடி கொண்ட மாதிரிகள் சிலவற்றில் திருகைக் கழற்றித் தகட்டை மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம் என்பது அவளுக்கு வசதியாயிற்று. கத்தரிக்கோல் அவளுக்கு ஒருபோதும் இணங்கியதில்லை.

வீட்டு வேலைகளுக்கு நடுவே தைப்பவருக்கு இக்கருவி தரும் பெரிய நன்மை, வேலையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு எழுந்துபோகலாம் என்பதே. நாளை வெட்டும் துண்டும் இன்று வெட்டிய துண்டின் அளவிலேயே இருக்கும். வெட்டிய சதுரங்களை ஐம்பது ஐம்பதாக நூலில் கட்டி வைத்து, அம்மாவின் சிங்கர் மிதி இயந்திரத்தில், மாலை நாடகம் ஓடும் நேரத்தில் இரண்டிரண்டாகத் தைத்துத்தான் அந்தப் போர்வையை முடித்தேன். கோலாலம்பூர் புழுக்கத்துக்குத் தடித்த உள்பஞ்சு தேவையில்லை என்று, நடுவில் ஒரு பழைய கைலியை மட்டும் வைத்தேன்.

ஆண்டுக்கு ஒரு தலையணை உறை தைப்பவருக்கு இந்தச் செலவு வீண். நேர்க்கோட்டுத் துண்டுகளைத் தொடர்ந்து வெட்டுபவர் தயங்காமல் வாங்கலாம். கையிருப்புக் குறைவென்றால் மேட்டைச் சிறிய அளவில் எடுத்து, கட்டரிலும் அளவுகோலிலும் கை சுருக்காமல் இருப்பது மேல். பூ, இலை, வளைவு போன்றவற்றுக்கு 45 பெரிது. அவற்றை இன்றும் அம்மாவின் கத்தரிக்கோலே வெட்டுகிறது. மழுங்கிய தகடுகளில் ஒன்றை மட்டும் மைலோ டப்பாவுக்கு அனுப்பாமல், காகித மாதிரிகள் வெட்டுவதற்கென்று ஒதுக்கினேன். அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோலைக் காகிதத்துக்கு எடுத்ததற்காக நான் வாங்கிக்கொண்டிருந்த திட்டு நின்றிருக்கிறது.