எல்க் சீசனுக்கு உடம்பைத் தேற்ற: ஓட்டமா, ஜிம் படிக்கட்டா, முதுகுச் சுமையா?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட வில் சீசன் செப்டம்பரில், ரைஃபிள் சீசன் அக்டோபர் நடுவில் தொடங்கும். டல்லாஸ், ஹூஸ்டன், சிகாகோ மாதிரி சமதரை ஊர்களில் நாற்காலி வேலை பார்த்துக்கொண்டு எல்க் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஜூலை பிறந்ததும் கவலை பிடித்துக்கொள்ளும். வேட்டை நடக்கப்போவது 9,000, 10,000 அடி உயரத்தில். உடம்பு இருப்பதோ கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. கையில் 12 வாரம். தினமும் ஓடுவதா, ஜிம்மில் படிக்கட்டு மெஷின் ஏறுவதா, பையில் கனம் போட்டு நடப்பதா?

நான் தேர்ந்தெடுத்தது பை. மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரிடம் தயங்காமல் பையை எடுக்கச் சொல்வேன்.

ஓட்டத்தின் பலன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதயம் பலப்படும், எடை குறையும், செலவு ஒரு ஜோடி ஷூ. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் வேலை நாளிலும் விட்டுப்போகாது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 40 நிமிடம் ஓடுவது மலையில் மூச்சுக்கு நல்ல அடித்தளம். பலர் இதைச் செய்யாமல், மூச்சு முட்ட 20 நிமிடம் ஓடிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் வேகம் கூடலாம், நாள் முழுக்கத் தாங்கும் திறன் கூடாது.

படிக்கட்டு மெஷின் ஓட்டத்தைவிட ஒருபடி மேல். தொடையும் பிட்டமும் ஏற்றத்துக்குப் பழகும். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் வெளியே போக வழியில்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரே ஒரு எச்சரிக்கை: கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள். பிடித்தால் உடல் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும், திரையில் காட்டும் மாடிக் கணக்கு பொய்யாகிவிடும். வேகத்தைக் குறைத்துக் கையை விட்டு ஏறுங்கள்.

இந்த இரண்டிலும் இல்லாத ஒன்றுதான் என் முடிவைத் தீர்மானித்தது: இறக்கம். வெறும் இறக்கம் இல்லை, சுமையோடு இறங்குவது.

வேட்டைக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தையே நினைத்துப் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். இறக்கத்தில் அடிபடுவது தொடையின் முன்தசை. ஒவ்வொரு அடியிலும் அந்தத் தசை நீண்டுகொண்டே உடம்பை இழுத்துப் பிடிக்கிறது, பிரேக் போடுகிற வேலை. இப்படி நீளும்போது சுமை தாங்கினால் தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகும். வலி உடனே தெரியாது. அடுத்த நாள் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். முதல் ரைஃபிள் சீசனே வெறும் 5 நாள்தான். முதல் நாள் மாலை முகாமுக்கு இறங்கியதில் தொடை கட்டிக்கொண்டால், மிச்ச நாளில் பாதி போச்சு.

நல்ல செய்தி என்னவென்றால், இதே தசை மிகச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஒருமுறை சரியான அளவு இறங்கிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அந்த அளவு சேதம் செய்யாது. ஆனால் இறங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். படிக்கட்டு மெஷினில் இறக்கமே கிடையாது. டிரெட்மில்லின் சாய்வும் பெரும்பாலும் மேல்நோக்கி மட்டும்தான். சமதரையில் ஓடுவதில் இந்தப் பயிற்சி கொஞ்சம்தான்.

இனி சுமைக் கணக்கு. வளர்ந்த ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சியே 200 பவுண்டு அளவுக்கு வரும். நான்கு கால் பகுதிகள், முதுகுத்தண்டின் இருபக்கச் சதை, உள்சதை எல்லாவற்றையும் எடுத்துவரக் கொலராடோ சட்டமே சொல்கிறது, காட்டில் விட்டுவர முடியாது. தனி ஆள் தடவைக்கு 50 பவுண்டு தூக்கினால் 4 நடை. வண்டி 3 மைல் தள்ளி நின்றால் சுமையோடு 12 மைல், வெறும் பையோடு திரும்பிப் போக 9 மைல், ஆக 21 மைல். விலங்கு பெரும்பாலும் ரோட்டைவிட உயரமான இடத்தில்தான் விழும், ஆகவே அந்த 12 மைலில் பெரும்பகுதி இறக்கம். செப்டம்பர் வேட்டை என்றால் பகல் வெப்பத்தில் இறைச்சி கெட்டுப்போகும் என்ற அவசரம் வேறு. இதற்கு ஈடான பயிற்சி ஓட்டத்தில் எங்கே இருக்கிறது?

பைப் பயிற்சி செய்கிற முறை இது. மலைக்கு எடுத்துப்போகும் அதே பையை, அதே பூட்ஸை உபயோகியுங்கள். கனத்துக்குத் தண்ணீர்தான் வசதி: ஒரு காலன் பால் கேனில் தண்ணீர் நிரப்பினால் 8.3 பவுண்டு, நான்கு கேன் 33 பவுண்டு. விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள், குறை கேன் தளும்பி ஒவ்வொரு அடியிலும் இடுப்பை இழுக்கும். பையின் அடியில் பழைய போர்வையைத் திணித்து அதன்மேல் கேனை வையுங்கள். கனம் தோள்பட்டைகளுக்கு நடுவில், முதுகை ஒட்டி உட்கார வேண்டும். அடியில் தொங்கினால் உடம்பு பின்னால் சாயும், அதைச் சமாளிக்கக் குனிந்தே நடப்பீர்கள், கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும்.

170 பவுண்டு ஆளுக்கு முதல் வாரம் 15, அடுத்து 20, 25, நான்காம் வாரம் மறுபடி 15. பிறகு 30, 35, 40, எட்டாம் வாரம் 25. ஒன்பதில் 45, பத்தில் 50, பதினொன்றில் 30, கடைசி வாரம் வெறும் நடை. நடுநடுவே குறைப்பதை விட்டுவிடாதீர்கள். தசை சீக்கிரம் தேறும், தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் தேறும். கனம் ஏற்றுகிற வாரத்தில் தூரத்தை ஏற்றாதீர்கள். வாரத்தில் இரண்டே பை நாள்: ஒன்று படிக்கட்டு, ஒன்று நீள நடை. மற்ற இரண்டு நாள் மெதுவான ஓட்டமோ சைக்கிளோ போதும்.

மலை இல்லாத ஊரில் பல மாடி பார்க்கிங் கட்டடம் போதும். மாடிக்குச் சுமார் 10 அடி. ஆறு மாடி உயரம் ஏறி இறங்குவது ஒரு சுற்று என்றால் 17 சுற்றில் 1,000 அடி ஏற்றம், 1,000 அடி இறக்கம். லிஃப்டில் இறங்கினால் வந்த காரியமே கெட்டது. உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கும் பழக்கம் மலையேறிகளிடம் உண்டு. முட்டியைக் காப்பாற்ற முதல் நான்கு வாரம் அப்படிச் செய்யுங்கள், அதன்பின் கொட்டாதீர்கள்.

இதோடு வாரம் இரண்டு முறை ஒரே ஒரு பயிற்சி: 8 அங்குலப் படியின் ஓரத்தில் ஒரு காலில் நின்று, மறுகாலின் குதிகாலை நான்கு எண்ணும் நேரத்துக்கு மெதுவாக இறக்கித் தரையைத் தொட்டு மேலே வருவது. காலுக்குப் பத்து, மூன்று தடவை. கண்ணாடி முன் செய்யுங்கள். நிற்கிற காலின் முட்டி உள்பக்கமாக மடிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். அந்தக் கோணலோடுதான் மலையிலும் இறங்குவீர்கள், அங்கே முதுகில் 50 பவுண்டு இருக்கும்.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்க ஒன்பதாம் வாரம் ஒரு சோதனை. அமெரிக்கக் காட்டுத்தீ வீரர்களுக்கு வைக்கும் தேர்வு அது: 45 பவுண்டோடு 3 மைல், 45 நிமிடம், சமதரை, ஓடக்கூடாது. 50 நிமிடத்துக்குள் வந்தாலே வேட்டைக்குத் தாராளம். அது சமதரைச் சோதனை என்பதால் இறக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை.

பையில் கோளாறுகளும் உண்டு. விரல் மரத்தால் தோள்பட்டை வார் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். இடுப்பு வாரை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேட்டில் உட்காரவைத்து இறுக்குங்கள், பிறகு தோள் வாரைத் தளர்த்துங்கள். கால்விரல் நகம் கறுத்தால் பூட்ஸுக்குள் கால் முன்னால் சறுக்குகிறது: நகத்தை வெட்டி, கணுக்காலில் லேஸை இரட்டை முடிச்சாக இறுக்குங்கள். தொடைச் சதை வலித்தால் பரவாயில்லை. இறங்கும்போது மட்டும் முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்தால் கனத்தைப் பாதியாக்குங்கள். பாதத்திலோ முன்காலிலோ விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள், எலும்பில் கீறல் விட்டிருக்கலாம்.

யாருக்குப் பை வேண்டாம்? 30, 40 பவுண்டு எடை குறைக்க வேண்டியவர்கள் முதலில் வெறும் நடை, சைக்கிள். சொந்த உடம்பே போதுமான சுமை. முட்டி ஜவ்வு அறுவை முடிந்தவர்கள், அறுபது தாண்டியவர்கள் விஷயத்தில் என் அனுபவம் போதாது, அடித்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, கம்போடு தொடங்குவது நல்லது. குதிரைக்காரரை அமர்த்தி இறைச்சியை இறக்கப்போகிறவர்களுக்குச் சுமை பெரிதாகத் தேவைப்படாது, ஓட்டமும் படிக்கட்டு மெஷினுமே போதும்.

எந்தப் பயிற்சியும் உயரத்துக்கு ஈடாகாது. 10,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான், நன்றாக ஓடுகிறவரையும் அது விடாது. சீசன் தொடங்க இரண்டு மூன்று நாள் முன்பே போய், முதல் இரவை 8,000 அடிக்குக் கீழே கழியுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள். அந்த இரண்டு நாளில் பையில் 20 பவுண்டுக்கு மேல் வேண்டாம். முகாமைச் சுற்றி நடந்து, மேடு ஏறிய கையோடு மூச்சு வாங்கும்போதே காலி ரைஃபிளைக் குறிவைத்துப் பழகுங்கள்.