செக் எஞ்சின் லைட்: டொங்கிளா, கராஜா, ஏஜென்டா?

போன மாரியில் கல்லடிப் பாலம் தாண்டும்போது என் வேகன் ஆரில் அந்த மஞ்சள் லைட் பற்றியது, கூடவே எஞ்சினும் உதறத் தொடங்கியது. கராஜில் ஸ்கானரைச் செருகினார்கள், இரண்டு கோட் (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) வந்தது, ஒக்சிஜன் சென்சரை மாற்றி கோட்டை அழித்து அனுப்பினார்கள். ஒரு கிழமையில் லைட் திரும்பவும் வந்துவிட்டது. உண்மையில் பழுதாகியிருந்தது முதலாம் சிலிண்டரின் இக்னிஷன் கொயில், பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுப்பது. அந்தச் சிலிண்டரில் எரியாமல் மிஞ்சிய ஒக்சிஜன் புகைக்குழாய்க்குள் போக, கலவையில் காற்று கூடிவிட்டது என்று சென்சர் காட்டியிருக்கிறது. அதாவது சென்சர் சரியாகத்தான் வேலை செய்தது, நாங்கள் அதைத்தான் கழற்றினோம்.

அதற்குப் பிறகுதான் புளூடூத் டொங்கிள் ஒன்று வாங்கினேன், ஈஎல்எம் 327 வகை. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சொக்கெட் இருக்கும், அதில் செருகி போனில் டோர்க் மாதிரி ஒரு ஆப் போட்டால் கோட்டை நாமே வாசிக்கலாம். கோட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஃப்ரீஸ் ஃபிரேம்: பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகம் என்பதெல்லாம் அதில் நிற்கும். கல்முனை ரோட்டில் உதறிவிட்டு கராஜ் வாசலில் நல்ல பிள்ளையாக நிற்கும் காருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குறையும் உண்டு. மலிவு டொங்கிள் பெரும்பாலும் எஞ்சின் பக்கம் மட்டுமே வாசிக்கும், ஏபிஎஸ், எயார்பாக் பக்கம் போகாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் சிலவற்றில் சொக்கெட் இருந்தும் தொடர்பே கிடைக்காது.

கராஜ் ஸ்கானர் ஏபிஎஸ், எயார்பாக் பக்கத்தையும் வாசிக்கும், சோதித்துப் பார்க்கிற கையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கோட் என்பது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்வது, எந்தப் பார்ட்ஸை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, அவ்வளவுதான். அது பிளக்காகவும் இருக்கலாம், கொயிலாகவும் இருக்கலாம், பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். முதலாம் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள், கோட் பி0302 ஆனால் கொயில்தான் பழுது. காசு செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்கிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். "அண்ணே, கோட் நம்பர் என்ன, எப்படிச் சோதிச்சீங்க?" என்று கேளுங்கள், தயங்காமல் பதில் வந்தால் சரி.

ஏஜென்ட், அதாவது கார் கொம்பனியின் சேர்விஸ் இடம்? ஈசியு (எஞ்சினை இயக்கும் கொம்பியூட்டர்) புரோகிராமிங், திறப்பு இம்மொபிலைசர் (சரியான திறப்பு இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), ஹைப்ரிட் பக்கச் சிக்கல் என்றால் போகலாம். வெறும் மிஸ்ஃபயருக்கு, அதாவது எரிதல் தவறுவதற்கு, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போவது தேவையில்லாத அலைச்சல்.

பற்றரி வயரைக் கழற்றிப் போட்டு லைட்டை அணைக்கிற வழியை மட்டும் தயவுசெய்து விடுங்கள். கோட்டும் ஃப்ரீஸ் ஃபிரேமும் அழிந்துபோகும், பழுது அப்படியே இருக்கும், பிறகு பார்க்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே என் வரிசை: முதலில் டொங்கிளில் வாசித்து ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அதோடு கராஜுக்குப் போங்கள். இது லைட் நிலையாக எரிந்தால். மினுங்கினால் டொங்கிளையும் தேட வேண்டாம், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்; எரியாத பெற்றோல், புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரியத் தொடங்கினால் கொயிலின் விலையைப் போலப் பல மடங்கு அதற்குக் கொடுக்க வேண்டிவரும்.