இருக்கையை நீக்கத் தெரிந்த கணினிக்கு டிக்கெட்டை நினைவூட்டத் தெரியவில்லை: ஒரு நெடுநாள் பயனரின் அனுபவம்

பயணத் தேதி உறுதியாகாததால், ஒரே ஊருக்கு இரண்டு விமானங்களில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டாததைப் பிறகு ரத்து செய்துகொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே விமான நிறுவனத்தில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்து, இத்தகைய இரட்டை முன்பதிவுகளைப் பலமுறை கையாண்டிருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரே பெயரில், ஒரே நாளில், ஒரே வழித்தடத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தாலும் சரி, முதல் விமானம் தரையிறங்கும் முன்பே இரண்டாவது விமானம் வேறோர் ஊரிலிருந்து கிளம்புவதாக இருந்தாலும் சரி, அந்நிறுவனத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து ஒன்றை நீக்கிவிடுகிறது. யாரும் வந்து அமரப்போகாத இருக்கை, தேவையுள்ள இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவது நியாயமல்ல என்பதால், இந்தச் சோதனையை நான் குறை கூற மாட்டேன். எதை வைத்துக்கொள்வது என்று பயணியைக் கேட்காமல் அதுவே முடிவு செய்வதுதான் சிக்கல். கூட்டம் நண்பகலில் முடியுமா, மாலையில் முடியுமா என்று தெரியாமல் இரண்டு விமானங்களை வைத்திருந்த ஒரு முறை, எனக்குத் தேவைப்பட்ட மாலை விமானமே நீக்கப்பட்டது. ஒரே பெயருள்ள இருவர் ஒரே விமானத்தில் செல்லும்போதுகூட இந்தச் சோதனையில் சிக்க நேரலாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் இன்றுவரை ஏற்க முடியாதது, நீக்கிய பிறகு அந்நிறுவனம் கடைப்பிடிக்கும் மௌனம். முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பிஎன்ஆர், இருக்கைக்கான பதிவு மட்டுமே. நாம் கொடுத்த பணம் 13 இலக்க டிக்கெட் எண்ணில் இருக்கிறது. இருக்கை நீக்கப்பட்டதும் பணம் தானாகத் திரும்பிவிடுவதில்லை. யாராவது கேட்டு வாங்கும்வரை அந்த டிக்கெட் பயன்படுத்தப்படாத நிலையிலேயே கிடக்கிறது. செயலியிலோ, முன்பதிவு நீங்கியதும் பயணமே பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. கட்டண ரசீது வந்த மின்னஞ்சலை வைத்திருந்தவருக்கு மட்டும் டிக்கெட் எண் கையில் இருக்கும். மற்றவருக்கு அப்படியொரு பணம் இருப்பதே கண்ணில் படாது.

அதன் ஆயுளும் நாம் நினைக்கும் அளவு நீளமானதல்ல. முற்றிலும் பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பொதுவாக வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான் கணக்கு. பயணத் தேதியிலிருந்து அல்ல. பல மாதங்கள் முன்னதாகவே வாங்கியவருக்கு, பயணம் ரத்தாகும் நாளில் அந்த ஓராண்டின் பெரும்பகுதி கரைந்திருக்கும். புதிய டிக்கெட்டாக மாற்றிக்கொண்டாலும், நான் பயன்படுத்தும் நிறுவனத்தில் முதல் டிக்கெட்டின் தேதியே தொடர்கிறது. என்னுடைய ஒரு டிக்கெட் அப்படித்தான் காலாவதியானது. இரண்டு இருக்கைகள் வைத்திருக்கிறேன் என்பதைச் சில மணி நேரத்தில் கண்டறிந்த அதே கணினி, பயன்படுத்தாத டிக்கெட் ஒன்று என் பெயரில் இருக்கிறது என்று ஓராண்டு முழுவதும் ஒரு வரிகூட எழுதவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. தேதி மாற்றும் வசதி மிக நன்றாக இருக்கிறது. கட்டண வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டி, சில நொடிகளில் புதிய டிக்கெட்டை அனுப்பிவிடுகிறது. தொலைபேசியில் பேசும் ஊழியர்கள் பொறுமையானவர்கள். பணம் திரும்பாத கட்டண வகையில் வாங்கிய டிக்கெட்டுக்கும், பயணம் செய்யாததால் விமான நிலைய வரிகளைத் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லித் தந்தவர் அப்படிப்பட்ட ஓர் ஊழியர்தான். விண்ணப்பித்தேன், வந்து சேர்ந்தது. வரிக்குப் பக்கத்திலேயே அச்சாகும் எரிபொருள் கூடுதல் கட்டணம் மட்டும் வரவில்லை. அது அரசுக்குப் போகும் வரியன்று, நிறுவனமே வசூலிப்பது.

நண்பர் இருவழி டிக்கெட்டாக இரண்டு எடுக்க நினைத்ததால், இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். வேண்டாத டிக்கெட்டை விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். வராமல் இருந்துவிட்டால் அது நோ-ஷோ ஆகி, பல கட்டண வகைகளில் வரி தவிர மற்ற மதிப்பு முழுவதும் போய்விடும். போகும் பயணத்தைத் தவறவிட்டால், அதே டிக்கெட்டிலுள்ள திரும்பும் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும். ஒன்றின் போக்கையும் மற்றொன்றின் வரவையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

தேதி மாற்றுவதில் இந்நிறுவனத்துக்கு இணையான சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனாலும், தேதி உறுதியில்லாத என் நண்பருக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது, வேறு நிறுவனத்தில் ஒரே ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.