லேட்டா வாடகை தர்றவங்ககிட்ட இந்த வசூல் ஆப் வேலை செய்யுதா?

வாடகையே தராதவங்கள காலி பண்ணச் சொல்லிடலாம். லேட்டா தர்றவங்கதான் தலைவலி, ஏன்னா மாசாமாசம் தந்துடுவாங்க, ஆனா நாம போன் போட்டு கேட்டாத்தான் தருவாங்க. அந்தக் கேக்குற வேலைய நான் பாத்துக்கறேன்னு சொல்ற ஆப்தான் இது. பேர் வேணாம், இந்த வகை ஆப்புங்க எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு.

தேதிக்கு முன்னாடி ஒரு மெசேஜ், தேதியன்னிக்கு ஒண்ணு, தாண்டினா இன்னொண்ணு. இதுல பெரிய லாபம், மெசேஜ் நம்ம பேர்ல போகல. நம்மகிட்டன்னா "சார் நாலு நாள்ல போட்டுடறேன்"னு சொல்லலாம், ஆப்புகிட்ட யார்கிட்ட போய் சொல்றது! நெஜமாவே மறந்துபோறவங்க இதுலயே சரியாயிடறாங்க. ஆனா மெசேஜ் வாசகத்த மொதல்ல மாத்திடுங்க, அவங்க போட்டிருக்கறது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு.

சம்பளம் லேட்டா வர்றதால லேட் ஆகுறவங்களுக்கு தேதி மாத்தற வசதிதான் இந்த ஆப்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது. 1ஆம் தேதிய 10க்கு தள்ளணும்னா, அந்த 9 நாளுக்கான வாடகைய மட்டும் 1ஆம் தேதி தனியா வாங்கிட்டு 10லருந்து முழு மாசக் கணக்க ஆரம்பிக்குது, கணக்கெல்லாம் அதுவே போட்டுடுது, நமக்கும் நஷ்டம் இல்ல, அவங்களும் மாசாமாசம் சாக்கு சொல்ல வேண்டியதில்ல.

லேட் ஃபீ விஷயத்துலதான் உஷாரா இருக்கணும். அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கா, உங்க ஊர் சட்டத்துல அதுக்கு உச்சவரம்பு இருக்கான்னு ஒரு கேள்வியும் கேக்காம ஆப் பாட்டுக்கு ஏத்திடும். அத விட மோசம், பணம் வந்தா மொதல்ல லேட் ஃபீல கழிச்சுட்டு மிச்சத்தத்தான் வாடகையில வைக்குது. வாடகை 100, ஃபீ 5னு வைங்க, அவர் 100 போட்டா 95தான் வாடகைக்கு போகுது, 5 பாக்கி நிக்குது, அந்த 5க்கு மறுபடி லேட் ஃபீ! குடியிருக்கறவர் வந்து சண்டை போட்டப்பறம்தான் தேடிப் பாத்தேன், செட்டிங்ஸ்ல எங்கயோ உள்ள "வாடகைக்கு முதலில்"னு ஒரு ஆப்ஷன் ஒளிஞ்சிருக்கு. இத ஏன் ஆரம்பத்துலயே அப்படி வைக்கலன்னு புரியல.

இன்னொண்ணு, ஃபீ போட்டா பயந்து சீக்கிரம் தருவாங்கன்னும் சொல்ல முடியாது. இஸ்ரேல்ல ஹைஃபாவுல குழந்தைகள் காப்பகங்கள்ல லேட்டா கூட்டிட்டுப் போற பெத்தவங்களுக்கு அபராதம் போட்டுப் பாத்தாங்க, 2000ல அந்த ஆய்வு வந்துச்சு, லேட்டா வர்றவங்க கூடத்தான் செஞ்சாங்க, அபராதத்த எடுத்தப்பறமும் குறையல. "அதான் காசு கட்டிட்டேனே"ங்கற மனசு வந்துடுது. வாடகையிலயும் அதே கதைதான், என்கிட்ட ஒருத்தர் ஃபீயோட சேத்து ஜாலியா 20ஆம் தேதி போடறார்.

வாடகை பாக்கிய அட்வான்ஸ்ல கழிக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு. தொடாதீங்க. காலி பண்றப்ப சேதாரத்துக்கும் பாக்கிக்கும் கைல இருக்கறது அது ஒண்ணுதான். அதே மாதிரி காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்துட்டீங்கன்னா பாதிப் பணம் வாங்கற ஆப்ஷன மூடி வைங்க, பல இடங்கள்ல அதுக்கப்பறம் பணம் வாங்கினா நம்ம கேஸே வீக் ஆயிடும். ஊருக்கு ஊர் மாறும், வக்கீல்கிட்ட கேட்டுக்கறது நல்லது.

ஆட்டோ டெபிட் சுமார்தான். அக்கவுண்ட்ல பணம் இல்லன்னா ஃபெயில் ஆகுது, அந்தத் தகவல் நமக்கு மறுநாள்தான் வருது.

காசு குடுத்து வச்சுக்கலாம்னு சொல்ல வைக்கறது அந்த லெட்ஜர்தான். எந்த மாசம் எத்தனாம் தேதி எவ்ளோ வந்துச்சுன்னு ஒரே பக்கத்துல வந்துடுது. அக்ரிமெண்ட் புதுப்பிக்கறப்ப குடியிருக்கற ஒருத்தர் "எப்பவோ ஒரு தடவதான் சார் லேட்டு"ன்னார், போன திருப்பிக் காட்டினேன், அதுக்கப்பறம் பேச்சே இல்ல, தேதியப் பத்தி புது கண்டிஷன் போட்டு கையெழுத்து வாங்கிட்டேன்.

என்னோட ரேட்டிங் 5க்கு 3. மறதிக்காரங்களும் சம்பளத் தேதி ஒத்துவராதவங்களும் இருக்கற வீட்டுக்கு தாராளமா வாங்கலாம். கைல காசு வச்சுக்கிட்டே இழுக்கறவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது, அவங்க ஆப் மெசேஜ ம்யூட் பண்ணிட்டு போயிட்டே இருப்பாங்க.